செவியாற் பார்த்த படங்கள்

சென்ற மாரி விடுமுறையில் ஒரு கிழமைக்குள் ஐந்து படங்கள் பார்த்து முடித்தேன். மூன்று கதைப்படங்கள்; இரண்டு ஆவணப்படங்கள். இலக்கண வகுப்பிலே காலங்கழித்த ஒருவன் சினிமாவைப் பற்றி எழுதப் புகுதல் சிலருக்கு நகைப்பை விளைக்கலாம். ஒளிப்பதிவு, படத்தொகுப்பு முதலியவற்றின் நுட்பங்களை நான் கற்றவனல்லேன். ஆதலின் அவைபற்றித் தீர்ப்புச் சொல்லத் துணியேன். எனக்குப் பழக்கமான பொருள் பேச்சு ஒன்றே. ஒருவர் வாய்திறந்து நாலு வார்த்தை சொன்னால், அவர் வடமராட்சியாரா, வலிகாமத்தாரா, தீவகத்தாரா என்பதை ஏறக்குறையச் சொல்லிவிடும் பழக்கம் ஆசிரியத் தொழிலில் வந்து படிந்துவிட்டது. இப்படங்களையும் கண்ணாற் பார்த்ததினும் செவியாற் பார்த்ததே மிகுதி. அச்செவி சொன்னவற்றை ஈண்டு எழுதுகின்றேன்.

புங்குடுதீவில் மாரி என்றால் வாடைக்காற்றும் மழையும் சேர்ந்து மனிதரை விறாந்தையோடு நிறுத்திவிடும். வாணர் தாம்போதியின் இருமருங்கும் கடல் குமுறும். காற்று மிஞ்சினால் குறிகட்டுவான் துறையிலிருந்து நெடுந்தீவுக்குப் படகு ஓடாது. அத்தகைய ஒரு மாலையில் என் பழைய மாணவர் ஒருவர் படலையைத் திறந்துகொண்டு வந்தார். வெளிநாட்டில் வாழ்பவர், ஊர் பார்க்க வந்திருந்தார். கையில் ஒரு மடிக்கணினியும், விரல் நுனியளவான ஒரு பென் டிரைவும். "மழைக்குள்ளை சும்மாதானே இருக்கிறியள் சேர், படம் பாப்பம்" என்றார்.

1980களில் தொலைக்காட்சிப் பெட்டியும் டெக்கும் மின்பிறப்பாக்கியும் வாடகைக்கு எடுத்து விடியவிடிய மூன்று படங்கள் ஓட்டும் வழக்கம் எங்கள் ஊர்களில் இருந்தது. முற்றம் நிறையச் சனம் இருக்கும். பின்வரிசையார் மதிலிலும் ஏறியிருப்பர். இம்முறை கூடியது ஐவர்: நான், என் மனைவி, அந்த மாணவர், அயல்வளவு ஆச்சி, ஆச்சியின் எட்டு வயதுப் பேரன். 1991இல் இத்தீவு இராணுவத்தின் வசமானபோது ஊரே பெயர்ந்தது. பின்னர்த் திரும்பியோர் சிலர், திரும்பாதோர் பலர். அவ்வெறுமையை எங்கள் ஊர்க் கவிஞர் சு. வில்வரத்தினம் 'காற்றுவழிக் கிராமம்' என்னும் தொகுப்பிலே பாடி வைத்திருக்கின்றார். இன்றும் என் வீட்டின் தெற்குப்புறத்து இரு வளவுகளிலும் கூரையற்ற சுவர்களே நிற்கின்றன. ஊர் கலைந்தால் பேச்சும் கலையும் என்னும் கவலை எனக்கு நெடுநாளாக உண்டு. அக்கவலையோடுதான் படம் பார்க்க உட்கார்ந்தேன்.

முதல் நாள் பார்த்தது 'பொன்மணி'. 1977இல் வெளிவந்த ஈழத்துத் தமிழ்ப்படம். சீதனத்தாலும் சாதியாலும் இறுகிப்போன ஒரு யாழ்ப்பாணத்து வீட்டையும், அவ்வீட்டுப் பெண் ஒருத்தியையும் பற்றிய கதை. இயக்கியவர் தர்மசேன பத்திராஜா, தாய்மொழி சிங்களம். திரைக்கதை வசனம் எழுதியவர் காவலூர் இராசதுரை. ஊர்காவற்றுறையையே பெயரோடு சேர்த்துக்கொண்ட தீவகத்து எழுத்தாளர். அக்காலத்து இரசிகர்கள் இதனைப் பெரிதாக ஆதரிக்கவில்லை என்பர். பாட்டும் சண்டையும் எதிர்பார்த்துச் சென்றவர்களுக்கு இப்படத்தின் மௌனம் சலிப்பைத் தந்திருக்கும். எனக்கோ அம்மௌனமே பிடித்தது. யாழ்ப்பாணத்து வீடுகளிற் பெரிய துயரங்கள் வாய்விட்டுப் பேசப்படுவதில்லை. தகப்பன் திண்ணையிலிருந்து ஒரு சொல் சொல்வார். அடுப்படியில் ஒரு பெருமூச்சு எழும். அவ்வளவோடு ஒரு கலியாணம் நின்றுபோகும். அந்த அளவான பேச்சு இப்படத்தில் இருக்கின்றது. எவரும் யாழ்ப்பாணத் தமிழைப் 'பேசிக் காட்டவில்லை', பேசுகின்றனர்.

சிங்களவர் ஒருவர் எடுத்த படத்தில் நம் பேச்சு இத்துணைச் செம்மையாய் அமைந்ததெப்படி என்று ஒருகணம் வியந்தேன். மூன்றாம் நாள் 'தீபன்' பார்த்தபோது அந்த வியப்பு இரட்டித்தது. இது பிரெஞ்சுப் படம். 2015இல் கான் திரைப்பட விழாவில் 'தங்கப் பனை' என்னும் உயர்ந்த விருதைப் பெற்றது. இயக்கியவர் ஜாக் ஓடியார் என்னும் பிரெஞ்சுக்காரர். கதாநாயகராக நடித்தவர் நம் அயலூராகிய அல்லைப்பிட்டியிற் பிறந்த எழுத்தாளர் ஷோபாசக்தி. யாழ்ப்பாணத்திலிருந்து எங்கள் ஊருக்கு வரும் பேருந்து பண்ணைத் தாம்போதியைக் கடந்து அல்லைப்பிட்டியூடாகவே வேலணைக்குச் செல்லும். நாள்தோறும் கடந்துபோகும் ஊரின் பேச்சு, பாரிசு நகர்ப்புறத்து மாடிவீடுகளின் நடுவே ஒலிக்கக் கேட்டமை எனக்குப் புதிய அனுபவம்.

போரிலிருந்து தப்ப எண்ணிய ஒருவன், முன்பின் அறியாத ஒரு பெண்ணையும் தாயற்ற ஒரு சிறுமியையும் சேர்த்துக்கொண்டு, இறந்துபோன ஒரு குடும்பத்தின் கடவுச்சீட்டில் பிரான்சுக்குப் போகின்றான். கணவன், மனைவி, மகள் என்பது உலகத்துக்குச் சொல்லும் பொய். அப்பொய் மெல்ல மெல்ல மெய்யாவதே கதை. சிறுமி பள்ளிக்கூடம் போய்ப் பிரெஞ்சு கற்றுக்கொண்டு பெரியவர்களுக்கு மொழிபெயர்ப்பவளாகின்றாள். புலம்பெயர்ந்த நம்மவர் வீடுகளில் இன்று நடப்பதும் இதுவே: பிள்ளை நாவாகின்றது, பெற்றோர் ஊமையராகின்றனர். இறுதியில் வரும் துப்பாக்கிச் சண்டை எனக்கு ஒப்பவில்லை. அதுவரை நம் அயல்வீட்டாராக இருந்த மனிதர் அங்கே சினிமாக்காரராகிவிடுகின்றார். ஆயினும் ஷோபாசக்தியின் வாயிலிருந்து வந்த ஒரு சொல்லையேனும் என் செவி தட்டிக்கழிக்கவில்லை.

இங்கே ஒரு பழைய படத்தையும் நினைவுகூர்தல் வேண்டும். 2000ஆம் ஆண்டில் வந்த 'தெனாலி'யில் கமல்ஹாசன் ஈழத்தமிழராக நடித்தார். அவருக்கு நம் பேச்சைப் பழக்கியவர் இலங்கை வானொலியின் புகழ்பெற்ற அறிவிப்பாளர் பி. எச். அப்துல் ஹமீது. போரினால் எதைக் கண்டாலும் அஞ்சும் ஒருவனை நகைச்சுவைப் பாத்திரமாக்கியது நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது உண்மை. ஆனால், பேச்சிலே ஓர் உழைப்பு இருந்ததையும் மறுக்க இயலாது.

இவற்றை ஒருங்கே வைத்து நோக்கும்போது ஒன்று புலனாகின்றது. பத்திராஜாவுக்குத் தமிழ் தம் மொழியன்று. ஓடியாருக்கோ தமிழே தெரியாது. ஆதலின் அவர்கள் அதனைத் தெரிந்தவர் கையில் ஒப்படைத்துவிட்டுக் காது கொடுத்தனர். கமலும் ஓர் ஆசானைத் தேடினார். தமிழகத்துப் படக்காரர் பலருக்கோ, 'இதுவும் தமிழ்தானே, எமக்குத் தெரியாததா?' என்னும் எண்ணம். அவ்வெண்ணமே செவியை அடைத்துவிடுகின்றது. தமிழ்நாட்டுப் பேச்சின் ஈற்றில் ஒரு 'ங்கோ'வை ஒட்டிவிட்டால் யாழ்ப்பாணத் தமிழ் ஆகிவிடும் என்று நம்புகின்றனர்.

'வாங்கோ', 'இருங்கோ' என்று நாம் சொல்வது மெய்யே. ஆயினும் எல்லாரிடமும் சொல்வதில்லை. நம்மிடம் நீ, நீர், நீங்கள் என்று மூன்று படிகள் உண்டு. கணவர் மனைவியை 'இஞ்சை வாரும்' என்பார். ஆசிரியர் வளர்ந்த மாணவரை 'நீர் இரும்' என்பார். இந்த நடுப்படியிலே அன்பும் உண்டு, அளவான மரியாதையும் உண்டு, சிலவேளை ஏளனமும் உண்டு. திரையிலே இந்த 'நீர்' அரசர் காலத்துப் படங்களோடு நின்றுபோயிற்று.

அடுத்தது சுட்டு. அ, இ, உ என்னும் மூன்றும் சுட்டெழுத்துக்கள் என்று தொல்காப்பியமும் நன்னூலும் கூறும். சேய்மைக்கு அகரம், அண்மைக்கு இகரம், இடைப்பட்டதற்கு உகரம். தமிழகத்துப் பிள்ளைகள் உகரச் சுட்டைப் புத்தகத்தில் மட்டும் காண்கின்றனர். எங்கள் தீவிலோ கிணற்றடியில் நிற்கும் ஆச்சி, 'உதிலை கிடக்கிற வாளியை எடு மோனை' என்கின்றாள். இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுடைய ஒரு சுட்டு அவள் வாயில் தண்ணீர் அள்ளிக்கொண்டிருக்கின்றது.

இன்னொன்று 'வாறன், போறன்' என்னும் தன்மை ஒருமை. தன்மை ஒருமைக்குத் தொல்காப்பியர் ஏழு ஈறுகளைக் கூறினார். நன்னூலார் 'அன்' என்பதையும் கூட்டி எட்டாக்கினார். நம் 'வாறன்' அந்த எட்டாம் ஈற்றோடு ஒத்து நிற்கின்றது. பிறிதொன்று 'இனம்' என்னும் ஈறு. 'அவை வருகினம்', 'பிள்ளையள் படிக்கினம்' என்று பலர்பாலுக்கு நாம் வழங்கும் இவ்வீறு தமிழகத்தார் செவிக்குப் புதிது. 'மாமாவை வந்திருக்கினம்' என்று ஒருவர் சொன்னால் வெளியூரார் இரண்டாம் வேற்றுமை என்று மயங்குவர். மாமாவும் அவரைச் சேர்ந்தோரும் வந்திருக்கின்றனர் என்பது அதன் பொருள். அஃறிணைப் பன்மையாகிய 'அவை' என்னும் சொல் எங்கள் நாட்டிலே மரியாதைப் பன்மையாய் மனிதர்மேல் ஏறி நிற்கின்றது. இந்த நான்கையும் ஒரு படத்திற் கேட்டேனாயின், அதை எடுத்தவர் நம்மவர் முற்றத்தில் சிலநாளேனும் உட்கார்ந்திருக்கின்றார் என்று நம்பிவிடுவேன்.

நிற்க. ஆவணப்படங்கள் இரண்டிலும் இத்தொல்லை இல்லை. அவற்றில் வசனம் எழுதுவோரும் இலர். பேச்சுப் பழக்குவோரும் இலர். சோமீதரன் இயக்கிய 'எரியும் நினைவுகள்' 2008இல் வெளிவந்தது. 1981 மே 31ஆம் திகதி இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டதையும், ஏறத்தாழ 97,000 நூல்களும் கிடைத்தற்கரிய ஏடுகளும் சாம்பலானதையும் அது கூறுகின்றது. அச்செய்தியை நூறு முறை கேட்டிருக்கின்றேன், மேடைகளிற் பேசியுமிருக்கின்றேன். ஆயினும் அந்நூலகத்தோடு வாழ்ந்தவர்கள் தம் நாளாந்தப் பேச்சிலே அதைச் சொல்லக் கேட்டபோது, என் மேடைப் பேச்சுக்கள் எல்லாம் கூடுதலான அலங்காரத்தோடு இருந்தன என்று தோன்றிற்று. எரிந்ததைச் சொல்ல அலங்காரம் வேண்டியதில்லை. சொல்லின் நடுவே வரும் ஓர் இடைவெளி போதும்.

மற்றது ஜூட் ரட்ணம் இயக்கிய 'டீமன்ஸ் இன் பாரடைஸ்'. 2017இல் கான் விழாவிற் காட்டப்பட்டது. 1983இல் ஐந்து வயதுச் சிறுவனாகக் கொழும்பிலிருந்து சிவப்புப் புகையிரதத்தில் தப்பிவந்தவர், வளர்ந்தபின் அதே இருப்புப்பாதையில் வடக்கு நோக்கி வருகின்றார். இயக்கங்களுக்குள் நடந்த கொலைகளையும் இப்படம் பேசுவதால் நம்மவரிடையே பெரிய வாதம் எழுந்தது. அவ்வாதத்துள் இக்கட்டுரை புகாது. அந்தப் புகையிரதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஆச்சி மெதுவாக ஒன்று சொன்னாள். 1958இல் கொழும்பிலே தன் தமையனார் தப்பியது, வாளிக்குச் சிங்களத்தில் வழங்கும் சொல்லைச் சரியாய் உச்சரித்ததனாலாம்.

1958ஆம் ஆண்டுக் கலவரத்திலும் 1983ஆம் ஆண்டுக் கலவரத்திலும் வீதியில் மறித்தவர்கள் வாளியைக் காட்டி இது என்னவென்று கேட்டதும், 'பால்திய' என்று நா தடுமாறாமற் சொல்ல முடியாதவரைத் தமிழர் என்று பிரித்தெடுத்ததும் பலர் அறிந்த செய்தி. அச்சொல்லும் சிங்களவர் சொந்தச் சொல்லன்று. நாம் வழங்கும் கதிரை, அலவாங்கு என்பவை போலப் போர்த்துக்கீசர் தந்துவிட்டுப்போன கடன். இரவற் சொல் ஒன்றிலே மனித உயிர் தொங்கியிருக்கின்றது! விவிலியத்தில் நியாயாதிபதிகள் ஆகமத்திலும் இவ்வாறு ஒரு கதை உண்டு. யோர்தான் துறையைக் கடக்க வந்தவர்களை 'ஷிபோலேத்' என்று சொல்லச் செய்து, அதனை 'சிபோலேத்' என்றவர்களை வெட்டினர். மாண்டவர் தொகை 42,000 என்று அந்நூல் கூறும். நாவை வைத்து ஆளைப் பிடிக்கும் வித்தை அத்துணைப் பழையது.

இந்நினைவோடு கடைசி நாள் 'டூரிஸ்ட் ஃபேமிலி' பார்த்தோம். 2025 மே 1ஆம் திகதி வெளிவந்தது. அபிஷன் ஜீவிந்த் என்னும் இளைஞரின் முதற்படம். சசிகுமாரும் சிம்ரனும் நடித்தது. இலங்கையின் பொருளாதார நெருக்கடியைத் தாங்கமாட்டாத ஒரு குடும்பம் படகேறி இராமேசுவரம் போய், அங்கிருந்து சென்னை சேர்ந்து, தாம் ஈழத்தவர் என்பதை மறைத்து ஒரு குடியிருப்பில் வாழ்கின்றது. இது வெறுங்கற்பனையன்று. 2022இல் அரிசியும் பால்மாவும் எரிபொருளும் எட்டாத விலையானபோது, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தனுசுகோடிக் கரையில் இறங்கினோர் உண்டு. ஆனால் அவர்கள் வாழ்க்கை படத்திற்போல இனிதாய் அமையவில்லை. மண்டபம் முகாமுக்கே அவர்கள் கொண்டுசெல்லப்பட்டனர்.

படத்தின் குறை அதன் மிகுந்த இனிப்பு. குடியிருப்பில் உள்ள எல்லாரும் நல்லவராகிவிடுகின்றனர். சசிகுமாரின் நாவிலே ஈழம் பேசிக்கொண்டிருக்கும்போதே இடையிடையே மதுரை எட்டிப் பார்க்கின்றது. அவற்றையெல்லாம் பொறுக்கலாம். படத்தின் உயிர் வேறோரிடத்தில் இருக்கின்றது: வாய்திறந்தால் அகப்பட்டுவிடுவோம் என்று அஞ்சி வாழும் ஒரு குடும்பம். வீட்டுக்குள் ஒரு பேச்சு, படிவாசலில் ஒரு பேச்சு. சொந்த நாவைக் கதவுக்குப் பின்னால் வைத்துப் பூட்டும் அவலத்தைச் சிரிப்பினூடே காட்டியிருக்கின்றார் அந்த இளைஞர்.

அக்காட்சிகள் ஓடிக்கொண்டிருந்தபோது என் மாணவர் சிரித்தார். "உது எனக்குப் புதிசில்லைச் சேர். சென்னையிலை நாலு வருசம் நான் இப்பிடித்தான் இருந்தனான்" என்றார். 2006இல் போர் மீண்டும் மூண்டபோது அவர் தமிழகம் சென்று, நம்மவர் பலர் வாழ்ந்த வளசரவாக்கத்தில் அறை தேடியிருக்கின்றார். பேச்சைக் கேட்டவுடன் 'இலங்கையா?' என்று கேட்டுக் கதவு சாத்தியோர் சிலர். பின்னர் ஒருவர், 'நீங்க மலையாளமா?' என்று கேட்டபோது தலையசைத்து அறையைப் பெற்றாராம். வெளியிற் போனால் கூடுமானவரை பேசுவதில்லை. பேசினால் புத்தகத் தமிழ். இவ்வளவையும் சொல்லிவிட்டு, "அது பெரிய கரைச்சலா இருக்கேல்லைச் சேர். உங்கடை வகுப்பிலையே பழகினதுதானே" என்றார்.

அவர் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. படத்தைப் பார்த்தபடியே, இயல்பாகச் சொன்னார். அதனாலேதான் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

1990களின் பிற்பகுதி அது. தீவை விட்டுப் பெயர்ந்து யாழ்ப்பாணக் குடாநாட்டுப் பாடசாலை ஒன்றிற் படிப்பித்துக்கொண்டிருந்தேன். இவரும் பெயர்ந்துவந்த தீவகத்துப் பிள்ளை. ஒருநாள் வகுப்பிலே எழுந்து, தன் தாய் சொன்ன ஒன்றைக் கூறும்போது 'அம்மா பறைஞ்சவ' என்றார். வகுப்புச் சிரித்தது. நான் அதை நிறுத்தவில்லை. 'கூறினார்' என்று மூன்று முறை சொல்லச் செய்தேன். 'உவன்' என்றால் திருத்துவேன். 'வருகினம்' என்று எழுதினால் சிவப்பு மையால் வெட்டுவேன். சில மாதங்களில் அந்தப் பிள்ளை வகுப்பில் வாய்திறப்பதை விட்டது. அதனை அடக்கம் என்று மகிழ்ந்து, 'அமைதியும் பணிவும் உடையவர்' என்று நற்சான்றிதழில் எழுதியவனும் நானே. 'பறைதல்' என்பது சொல்லுதல் என்னும் பொருளில் வரும் பழந்தமிழ்ச் சொல் என்பதும், மலையாளத்தார் இன்றும் அதனையே வழங்குகின்றனர் என்பதும் எனக்கு அப்போதே தெரியும். தேர்வுக்குப் படித்திருந்தேன். தெரிந்த நூலையும் கேட்ட பேச்சையும் பொருத்திப் பார்க்கும் செவி மட்டும் இல்லாதிருந்தது.

இது என் தனிப்பழியன்று என்று சொல்லித் தப்பவும் வழியுண்டு. 1960களின் தொடக்கத்தில், கதைகளிற் பேச்சுவழக்கு இடம்பெறலாமா என்று ஈழத்தில் ஒரு பெரும் வாதம் எழுந்தது. மரபுப் போராட்டம் என்று அதற்குப் பெயர். பண்டிதர் பலர் அதனை 'இழிசனர் வழக்கு' என்று ஒதுக்கினர். கைலாசபதி, சிவத்தம்பி முதலியோர் எதிர்ப்புறத்தில் நின்றனர். நான் பிறப்பதற்கு முன் நடந்த வாதம். ஆயினும் என் ஆசிரியர்கள் வழியாக அந்தச் சிவப்பு மை எனக்கு முதுசமாய் வந்துசேர்ந்தது. வந்ததை ஆராயாமல் வழங்கினேன்.

செந்தமிழ் கற்பித்தமைக்காக நான் வருந்தவில்லை. யாழ்ப்பாணத்தாரும் மட்டக்களப்பாரும் மதுரையாரும் மலேசியாவில் வாழ்வோரும் ஒருவரையொருவர் மயக்கமின்றி விளங்கிக்கொள்ள ஒரு பொதுத் தமிழ் வேண்டும். நாவலர் பெருமான் நமக்கு அமைத்துத்தந்த உரைநடை அத்தகையது. அதனை இனியும் கற்பிப்பேன். வருந்துவது, அதனைக் கற்பிப்பதற்காகப் பிள்ளையின் தாய் பேசும் பேச்சை அவன் முன்னாலேயே இகழ்ந்தமைக்கு. 'ங்கோ' ஒட்டும் படக்காரரை இக்கட்டுரையின் முற்பகுதியிற் குறை சொன்னேனல்லவா? 'எமக்குத் தெரியாத தமிழா?' என்று அவர்கள் காதை அடைத்துக்கொண்டதுபோலவே நானும் அடைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் அறியாத மனிதரைப் பற்றிச் செய்தனர். நான் என் ஊர்ப் பிள்ளைக்குச் செய்தேன்.

படத்தின் இறுதியில் ஒரு காட்சி வருகின்றது. அக்குடும்பத்தைத் தேடிப் பொலிசார் குடியிருப்புக்குள் வருகின்றனர். யார் ஈழத்தவர் என்று பேச்சைக் கொண்டு பிடித்துவிடலாம் என்பது அவர்கள் எண்ணம். அப்போது அங்கே வாழும் அயலவர் எல்லாரும் தமக்கு வந்தபடி ஈழத்தமிழ் பேசத் தொடங்கிவிடுகின்றனர். உச்சரிப்பு எங்கும் பிழை. ஒருவர் வாயிலும் சரியாக வரவில்லை. ஐந்து நாளாய்ப் பிழை பிடித்துக்கொண்டிருந்த என் செவி அவ்விடத்திலே பிழை தேடுவதை மறந்தது. யோர்தான் துறையில் ஆளைப் பிரிக்கப் பயன்பட்ட அதே கருவியைக் கொண்டு இங்கே ஒரு தெரு நாலு பேரை மறைத்துவிட்டது.

விறாந்தையில் எல்லாரும் மௌனமாயிருந்தோம். சிறுவன் மட்டும் ஆச்சியின் சேலையை இழுத்து, "அம்மம்மா, உவையள் ஏன் எங்களைப் போலக் கதைக்கினம்?" என்று கேட்டான்.

"அவையளைப் பொலிசு பிடிக்காமல் இருக்கிறதுக்கு மோனை" என்றாள் ஆச்சி.

சிறுவனுடைய அந்த ஒரு வாக்கியத்தில் உகரச் சுட்டும் இருந்தது. 'இனம்' ஈறும் இருந்தது. முன்னாளிலாயின் இரண்டையும் வெட்டியிருப்பேன். என் மாணவர் ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

விடுமுறை கழிந்து பாடசாலை தொடங்கியதும் சுட்டெழுத்துப் பாடம் வந்தது. அகரத்துக்கு எடுத்துக்காட்டுக் கேட்டேன்; 'அவன், அது' என்று பல குரல்கள். இகரத்துக்கு 'இவன், இது'. உகரத்துக்குக் கேட்டபோது வகுப்பு அடங்கிப்போயிற்று. வளவில் இறங்கினால் நூறு முறை சொல்லும் சொல்; வகுப்பில் ஒரு வாயும் திறக்கவில்லை. இத்தனை ஆண்டு என் போன்றோர் செய்த வேலையின் பயன் அம்மௌனம் என்று எண்ணிக்கொண்டு காத்துநின்றேன். கடைசி வாங்கில் இருந்த ஒரு பெண்பிள்ளை, ஏசுவேனோ என்று என் முகத்தைப் பார்த்தபடி, மிக மெதுவாக, "உது?" என்றாள்.

"ஓம் பிள்ளை, உதுதான்" என்றேன்.